சோவைப் படிப்போம், சொல்லால் பதில் சொல்வோம்!

"துக்ளக் ஏட்டை நம்முடைய படிப்பகத்தில் வைக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் நம் தோழர்களிடையே பெரிய வாக்குவாதமே மூண்டுவிடும். "நம்மை ஓயாமல் கேலி செய்த ஏட்டுக்கு நாமே காசு கொடுப்பதா, நாமே மேசை போட்டுக் கொடுப்பதா?" என்று சீறுவார் ஒருவர். "படித்தவுடனே கரைந்துபோக நம் கொள்கை என்ன உப்பா, சர்க்கரையா?" என்று மடக்குவார் மற்றொருவர்.

நாம் இரண்டாமவர் பக்கம். வைக்கலாம், வரி விடாமல் படிக்கலாம். படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் கூடாது.

சோ இராமசாமி யார்? வழக்கறிஞர், நாடகக்காரர், திரைப்பட நகைச்சுவை நடிகர், ஏட்டாசிரியர். 1970 பொங்கல் நாளில் துக்ளக்கைத் தொடங்கி, 2016 டிசம்பர் 7-இல் மறையும் வரையில் அதன் ஆசிரியராக இருந்தவர். நம் மொழிக் கொள்கையை, பகுத்தறிவுப் பிரசாரத்தை, நம் தலைவர்களை அவர் தாக்கியது கொஞ்சநஞ்சமல்ல. அவர் மறைந்துவிட்டார். அவருக்குப் பின் குருமூர்த்தி ஆசிரியரானார். ஏடு நின்றுவிடவில்லை, அந்த எண்ணமும் நின்றுவிடவில்லை. இன்று அதே எண்ணம் தொலைக்காட்சி விவாதத்திலே பேசுகிறது, கைப்பேசித் திரையிலே கேலி பேசுகிறது. ஆகவே, அவரைப் புரிந்துகொள்வது இன்றைக்கும் தேவையான வேலை.

கச்சான் காற்று வீசுகிறதே என்பதற்காகக் கடலோடி காற்றை வைதுகொண்டு கரையிலே குந்தியிருப்பதில்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு வேகம், எப்போது திரும்பும் என்று பார்க்கிறான். பார்த்துத்தான் பாயை விரிக்கிறான். காற்றின் மேல் கொண்ட காதலாலா பார்க்கிறான்? கரை சேர வேண்டுமே, அதனால் பார்க்கிறான்!

அவரை ஏன் மக்கள் படித்தார்கள்? படித்தவர்கள் எல்லாம் ஏமாளிகளா? இல்லை. கேள்வி–பதில் என்று வைத்துக்கொண்டு, திண்ணையிலே பேசுவதைப் போலப் பேசினார். பெரிய மனிதர்களைப் பார்த்துச் சிரித்தார். மக்களையும் சிரிக்க வைத்தார். இந்தக் கலை நமக்குப் புதிதா? அண்ணாவின் நாடகங்களும் கலைவாணரின் நகைச்சுவையும் அல்லவா நம் கருத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசேர்த்தன! நாடக மேடையால் வளர்ந்தவர்கள் நாம். நம்மை நாடக மேடையிலேயே சந்திக்க வந்தவர் அவர்.

1968-இல் மேடையேறிய அவருடைய 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை நினைத்துப் பாருங்கள். கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி! கற்பனைதான், ஆனால் காரணமில்லாத கற்பனையா? அதற்கு முந்திய ஆண்டுதான் அரியானாவில் கயாலால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறி, நாடே சிரித்தது. உண்மையின் மீது ஊன்றி நின்ற கேலி அது. அதனால்தான் எடுபட்டது.

இனி 1971-க்கு வருவோம். அந்த ஆண்டு சனவரியில் சேலத்தில் திராவிடர் கழகத்தின் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு, ஊர்வலம். அதைப் பற்றித் துக்ளக் படங்களுடன் வெளியிட்டது. அன்றைய அரசு அந்த இதழைப் பறிமுதல் செய்தது. விளைந்தது என்ன? கிடைக்காத இதழைத் தேடித் தேடி, கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். பெயர் தெரியாதவர்களுக்கும் பெயர் தெரிந்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில் மக்கள் என்ன செய்தார்கள்? கழகத்துக்கு 184 இடங்களை அள்ளிக் கொடுத்தார்கள்! படத்தையும் பார்த்தார்கள், பிரசாரத்தையும் கேட்டார்கள், பிறகு தாமாகவே தீர்ப்புச் சொன்னார்கள். மக்களின் அறிவை நம்பியவனுக்கு அந்தத் தீர்ப்பே போதும். பறிமுதல் ஆணை தேவையில்லை. பறிமுதலால் பலன் பெற்றது துக்ளக் ஒன்றுதான்.

அடுத்து, 1975. நெருக்கடி நிலை வந்தது. ஏடுகளுக்குத் தணிக்கை வந்தது. துக்ளக் கறுப்பு அட்டையோடு வெளிவந்தது. 1951-இல் வந்த 'சர்வாதிகாரி' என்ற பழைய படத்துக்கு அப்போதுபோய் விமர்சனம் எழுதினார் சோ! படத்தின் பெயரே செய்தியைச் சொல்லிவிட்டது. நம் பக்கம் என்ன நடந்தது? 1976 சனவரி 31-இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. தோழர்கள் மிசாவில் சிறை சென்றார்கள். யார் யார் கைதானார்கள் என்று எழுத முடியாத நிலை. கலைஞர் முரசொலியில், அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. எதிரெதிர் முகாமில் நின்ற இரண்டு ஆசிரியர்கள். இருவர் கழுத்திலும் ஒரே கயிறு. இருவர் கையிலும் ஒரே கருவி! ஒருவருடைய ஏட்டைப் பூட்டும் சட்டம் இன்னொருவருடைய ஏட்டையும் பூட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1996-இல் கழகமும் த.மா.கா.வும் கூட்டணி சேர முனைந்து பாடுபட்டவரும் இதே சோதான்; 2011-இல் நமக்கு எதிரான அணியைக் கட்ட உதவியவரும் அவரேதான். ஒரே வண்ணத்தில் தீட்டி மாட்டிவிடக்கூடிய படமல்ல அவர்.

சரி, பதில் சொல்வது எப்படி? முதலில், எது பதிலல்ல என்பதைத் தெரிந்துகொள்வோம். அவருடைய மொட்டைத் தலையைப் பற்றிப் பேசுவது பதிலல்ல. அவர் பிறந்த சாதியைச் சொல்லி ஏசுவதும் பதிலல்ல. பிறப்பை வைத்து மனிதனை எடை போடாதே என்று சொல்லத்தானே இந்த இயக்கமே பிறந்தது? அந்தத் தராசை நாமே கையில் எடுத்தால், தோற்பது சோ அல்ல, நம் கொள்கை!

அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு என்று பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை. உங்கள் கரையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1983 முதல் ஈழத்துத் தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்தார்கள். தனுக்கோடி மணல்திட்டிலே இறக்கிவிடப்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் உங்கள் ஊர் மீனவர்கள். மண்டபம் முகாம் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. சோவோ விடுதலைப் புலிகளைக் கடுமையாக எதிர்த்தவர். நம் தோழர்களுக்கு அது ஆத்திரத்தை மூட்டியது.

ஆத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம். 1986-இல் சிறீ சபாரத்தினம், 1989-இல் அமிர்தலிங்கம், 1990-இல் சென்னையிலேயே பத்மநாபா — தமிழன் கையாலேயே தமிழர் தலைவர்கள் வீழ்ந்தார்கள். அந்தச் சகோதர யுத்தத்தைக் கண்டு கலைஞரும் வேதனைப்பட்டுப் பேசவில்லையா? ஆகவே, அந்தக் கொலைகள் கொடுமை என்று யார் சொன்னாலும் அது உண்மை. ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

ஆனால் அங்கேயே நிற்க வேண்டும். துப்பாக்கி ஏந்தியவன் மீது சொல்லும் குற்றம், கைக்குழந்தையோடு கரையேறிய தாயின் மீது பாயலாமா? 1991-இல் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அப்படித்தானே பாய்ந்தது! முகாமில் இருந்தவர்களையெல்லாம் ஐயத்தோடு பார்த்தார்களே! உண்மை எங்கே முடிகிறது, அநீதி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட வேண்டும். மாற்றாரைப் படிக்காதவனால் அந்தக் கோட்டைக் கிழிக்க முடியாது.

அடுத்த வேலை, அவர்களுடைய அளவுகோலாலேயே அவர்களைக் கேட்பது. 'இந்து மகா சமுத்திரம்' எழுதியவர் சோ. இந்துக்களின் நலனே தன் கவலை என்று சொல்லும் ஏடு துக்ளக். நல்லது. 2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து, 2014 முடிவதற்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவ மக்களுக்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை! முகாமிலே பிள்ளையாருக்கும் முருகனுக்கும் விளக்கேற்றும் தமிழன் அவர்கள் கணக்கில் இந்து இல்லையா? இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்த அவன் பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன்? 2021-இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறிற்று, குடியுரிமை மட்டும் வரவில்லை.

மதம் பார்த்து மனிதனுக்கு இடம் கொடு என்பது நம் கொள்கையல்ல. ஆனாலும் அவர்களுடைய கொள்கைப்படியே கேட்டாலும் மண்டபத்துத் தமிழனுக்கு நீதி கிடைக்க வேண்டுமே, ஏன் கிடைக்கவில்லை? துக்ளக் படிக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கேளுங்கள். அன்போடு கேளுங்கள், அவர் வாய் திறக்கும் வரை பொறுத்திருந்து கேளுங்கள். அவர் மனம் சற்றே அசைந்தாலும் முகாம் மக்களுக்காக எழும் குரல்களில் ஒன்று கூடுகிறது.

மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்றார் அண்ணா. அந்தத் தோட்டத்தில் முள்ளும் உண்டு என்பதை நாம் அறிவோம். உள்ளே சென்று பார்த்தவனுக்குத்தான் மல்லிகை எது, முள் எது என்று தெரியும். ஏசுவதற்கு ஒரு நொடி போதும். பதில் சொல்வதற்கு ஓர் இரவு விழித்துப் படிக்க வேண்டும். விழித்துப் படியுங்கள், தோழர்களே! நாற்பது ஆண்டுகளாக ஒரு நாட்டின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லக் காத்திருக்கும் மக்களுக்காகப் படியுங்கள்!