பெயர் சொல்லி அழைப்போம்



கொல்லிமலையில் ஒரு வீட்டைச் சந்திக்கச் சென்றிருந்தேன். இருபது வயதைத் தாண்டிய மகனைப் பற்றி அந்தத் தாய் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. “சாமி, ஊர்ல எம்மவன் பேரையே மறந்துட்டாங்க. ‘அந்தப் பைத்தியம்’னுதான் சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா அது உண்மைன்னு ஆயிடுமேன்னு பயந்து ரெண்டு வருஷம் வீட்டுலயே வச்சிருந்தேன்.”

மலையிலிருந்து இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆனால் அந்தத் தாயைத் தடுத்தது ஒரு சொல்தான்.

1914-ஆம் ஆண்டு இதே மலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை செய்து மீண்டும் இயங்க வைத்தவர். அக்காலத்தில் ‘குஷ்டரோகி’ என்ற பெயருக்கு அஞ்சி நோயை மறைத்தவர்கள் பலர். கைகால்கள் கெட்ட பிறகே சிகிச்சைக்கு வந்தார்கள். இன்று தொழுநோய் மாத்திரைகளால் குணமாகிறது. மனநோயிலோ அந்தப் பழைய அச்சம் இன்னும் நம்மிடையே இருக்கிறது.

சட்டம் நம்மை முந்திவிட்டது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘பைத்தியம்’ இருந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ‘மனநோயாளி’ என்றது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ‘மனநோய் உள்ள நபர்’ என்கிறது. அதாவது, நோய் அவரிடம் உள்ள ஒன்று. அவரே நோய் ஆகிவிடுவதில்லை. அவரைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்றும் அச்சட்டத்தின் 95-ஆம் பிரிவு சொல்கிறது.

இந்தத் தடை எவ்வளவு தேவை என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்தின் அவ்வூரில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். கட்டியவர்களை மட்டும் குறை சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியுமா? ஒருவரைப் ‘பைத்தியம்’ என்று சொல்லிப் பழகிவிட்டால், அவரைக் கட்டிவைப்பதும் தவறாகத் தெரியாது.

“சொல்லை மாற்றினால் நோய் போய்விடுமா, ஃபாதர்?” என்று சிலர் கேட்கிறார்கள். போகாது. மருந்தும் மருத்துவரும் தேவை. ஆனால் கேலிக்கு அஞ்சாத குடும்பம் சீக்கிரமே சிகிச்சைக்கு வரும். ‘மென்டல்’, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று நாம் வேடிக்கையாகப் பேசுவதை அந்தக் குடும்பமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ‘அவருக்கு மனச்சிதைவு இருக்கிறது, மருந்து எடுக்கிறார்’ என்று சொல்வதில் நமக்கு என்ன சிரமம்?

சங்கிலிகளால் கட்டப்பட்டு, கல்லறைகளிடையே திரிந்த கெரசேனர் பகுதி மனிதரை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். ஊரே அஞ்சி விலகிய அவரிடம் இயேசு கேட்டது, அவர் பெயரை.

மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் 2022 முதல் இயங்குகிறது. தயங்காமல் அழையுங்கள். அந்த இளைஞர் இப்போது மாதந்தோறும் மருந்து வாங்க மலையிறங்குகிறார். பேருந்தில் அவரைப் பார்த்தால், பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரியுங்கள்.