சம்பளம் இல்லாத நைட் ஷிஃப்ட்!

இந்த வாரம் ஒரு கணக்கு. இன்ஜினீயரிங் மேத்ஸ் இல்லை... அதைவிடக் கஷ்டம்!

எங்க வீட்டு மணிக்கு வயசு பதினொண்ணு. அக்மார்க் நாட்டு நாய். ஓசூர்க்காரன் ஆச்சே... தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் அதட்டினாலும் புரியும். சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிச்சு அப்பா வர்ற வரைக்கும் கேட்டை விட்டு நகர மாட்டான். போன மாசம் பூனையைத் துரத்தி மதில் மேலேருந்து குதிச்சவன், பின்னங்காலைத் தரையில் ஊனவே இல்லை. முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிடுச்சாம். ஃபுட்பால் பிளேயர்களுக்கு வருமே, அதேதான்!

ஆபரேஷனுக்கு ஆகும்னு டாக்டர் சொன்ன தொகை, கிட்டத்தட்ட என் ஒரு செமஸ்டர் ஃபீஸ். "வயசான நாய்க்கு இதெல்லாம் தேவையா தம்பி?"ன்னார் பக்கத்து வீட்டு அங்கிள். சுர்ருனு கோபம் வந்துச்சு. ஆனா, அதே கேள்வி என் மனசிலும் ஓடிட்டு இருந்ததுதான் உண்மை.

உங்க வீட்டிலும் ஒரு மணி இருந்தா, நான் தெரிஞ்சுக்கிட்டதைக் கேட்டுக்கங்க. வயசு ஒரு நோய் இல்லை. மயக்க மருந்தைத் தாங்குமான்னு ரத்தப் பரிசோதனையும் இதயம், கிட்னியும்தான் சொல்லணும். அடுத்து, எடை. 1984-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 15 கிலோவுக்குள் இருந்த நாய்களில் நூற்றுக்கு 85 ஆபரேஷன் இல்லாமலே தேறியிருக்கு. அதுக்கு மேல் எடை உள்ளதில் தேறினது வெறும் 19! நம்மாளு 19 கிலோ. மூணாவது, ஆபரேஷனோட வேலை முடியாது. ரெண்டு மாசம் ஓட்டம், குதியாட்டம் கட். சங்கிலியோட மெதுநடைதான். போதாக்குறைக்கு, ஏறக்குறைய பாதி நாய்களுக்கு அடுத்த காலும் பின்னாடி போயிடுமாம்.

டெஸ்ட் சரியா வரலைன்னா? எடையைக் குறைச்சு, ஓய்வு கொடுத்து, டாக்டர் தர்ற வலி மாத்திரையோட பார்த்துக்கறதும் வைத்தியம்தான். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனா, நம்ம பாரசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் கொடுத்துடாதீங்க. நாய்க்கு அது விஷம் மாதிரி! செலவுதான் பிரச்னைன்னா, அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் விசாரிங்க. 1903-ல் ஆரம்பிச்ச சென்னைக் கல்லூரி வேப்பேரியில் இருக்கு. நாமக்கல்லிலும் ஒண்ணு உண்டு. நமக்குப் பக்கம், பெங்களூர் ஹெப்பால்.

மணிக்கு டெஸ்ட் எல்லாம் நார்மல். இனி பணம் மட்டும்தான் கேள்வி. லேப்டாப்புக்குச் சேர்த்ததை எடுத்து நீட்டினேன். அப்பா வாங்கலை. மணியையே கொஞ்ச நேரம் பார்த்துட்டுச் சொன்னார்...

"நான் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்தப்பல்லாம் இவன் இங்கே பார்த்தான்டா. பதினோரு வருஷம். லீவு இல்லை, சம்பளம் இல்லை. இதை அவன் பி.எஃப். பணம்னு நினைச்சுக்கோ!"

வர்ற திங்கட்கிழமை ஆபரேஷன். திங்கட்கிழமை எனக்கு இன்டர்னல் வேற. ரெண்டு பேரும் பாஸாகணும்னு வேண்டிக்கங்க... முடியாட்டி, அவன் மட்டுமாவது!