யார் நிரூபிக்க வேண்டும்?

வாலாஜாபாத்துக்கும் படைக்கும் உள்ள உறவு பழையது. கும்பெனியார் காலத்தில் இங்கே படைப் பாசறை இருந்தது. இவ்வூரின் பெயரைத் தாங்கிய காலாட்படைப் பிரிவொன்று இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. இத்தகைய ஊர்களில், கை கால் இழந்து திரும்பும் வீரனுக்கு மாலையும் மரியாதையும் உண்டு. மனம் குலைந்து திரும்புகிறவனுக்கோ 'பைத்தியம்' என்னும் பட்டமே மிஞ்சுகிறது. ஊராரின் அறியாமையையேனும் பொறுத்துக்கொள்ளலாம். அரசின் அலட்சியத்தை எவ்வாறு பொறுப்பது?

படைப்பணியால் உண்டான நோய்க்கும், பணியால் மிகுந்த நோய்க்கும் இயலாமை ஓய்வூதியம் உண்டு. ஆனால் மனநோயுற்ற வீரர் பலருக்கு அது ஒரே வரியில் மறுக்கப்பட்டு வந்திருக்கிறது. "பணியால் வந்ததன்று, பணியால் மிகுந்ததுமன்று" என மருத்துவக் குழு எழுதிவிடும். ஏன் என்று எழுதாது.

பணியில் சேரும்போது குறை ஏதும் குறிக்கப்படாதவன் நலமுடன் இருந்தவனாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது 1982ஆம் ஆண்டு விதிகளின் கருத்து. வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட வீரர் ஒருவரின் வழக்கில், 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் இதையே வலியுறுத்தியது. நிரூபிக்கும் சுமை அரசுடையது. ஐயத்தின் பயன் வீரனுடையது. அவ்விதிகள் பின்னர் மாற்றப்பட்டன. 2023 செப்டம்பரில் புதிய விதிகளும் வந்தன. விதி மாறலாம், நீதியுமா மாறிவிடும்?

மனச்சிதைவு நோய் பரம்பரையாக வருவது, சேர்க்கைச் சோதனையில் அதைக் கண்டறிய இயலாது என்று வாதிடுவோர் உண்டு. 2019இல் உச்ச நீதிமன்றமே இதையொட்டி ஒரு வீரரின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. நோய்க்குப் பரம்பரைக் கூறு உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் கடும் நெருக்கடி அந்நோயைத் தூண்டவும் பெருக்கவும் வல்லது என்பதும் மருத்துவம் சொல்லும் உண்மையே. விதை அவனுக்குள் இருந்திருக்கலாம். உறக்கமற்ற காவலாலும் குடும்பப் பிரிவாலும் அதற்கு நீர் வார்த்தது யார்? 'மிகுந்த நோய்' என்னும் சொல் விதியில் இடம்பெற்றது இதற்காகவன்றோ?

2025 மே மாதத்தில், மனச்சிதைவு நோயால் வெளியேற்றப்பட்ட வீரர் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் வழங்க ஆணையிட்டது. காரணம் கூறாத மருத்துவக் குழுவின் கருத்தைக் கொண்டு உரிமையை மறுக்கலாகாது என்றும் தெளிவுபடுத்தியது. மகிழ்ச்சியே. ஆனால் தன் மனமே தனக்குத் துணைநில்லாத ஒருவன் தில்லிவரை வழக்காட முடியுமா? அவனுடைய மனைவியோ வயதான தாயோ காஞ்சிபுரத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கும் அலைய வேண்டும். அங்கே வென்றாலும், அரசு மேல்முறையீடு செய்வதும் உண்டு.

கற்றறிந்த பொதுநிலையினரே, மனுவெழுதத் தெரிந்த ஆசிரியரும் சட்டமறிந்த வழக்கறிஞரும் நம்மிடையே இல்லையா? காரணம் எழுதப்படாத மறுப்பை ஏற்காதீர்கள் என்று அக்குடும்பங்களுக்குச் சொல்லுங்கள், உடன் செல்லுங்கள். நலமானவன் என்று முத்திரையிட்டு அவனை அழைத்துச் சென்றது அரசு. நோயுற்றவனாகத் திருப்பி அனுப்பியதும் அதுவே. இடையில் நிகழ்ந்ததற்குத் தான் பொறுப்பல்லவென்றால், அதை அரசே நிரூபிக்கட்டும்!