வேம்புக்குச் சான்று எங்கே?

அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவதும், புண்ணில் மஞ்சளை அரைத்துப் பூசுவதும் தமிழகத்துப் பாட்டிமார் எந்தக் கல்லூரியிலும் கற்று வந்தவை அல்ல. ஆயினும் 1994ஆம் ஆண்டில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், வேப்பெண்ணெயால் செடிகொடிகளின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறையைப் புதுக்கண்டுபிடிப்பென ஏற்று, அமெரிக்க வேளாண்துறைக்கும் கிரேசு என்னும் வணிக நிறுவனத்திற்கும் உரிமை வழங்கிற்று. அடுத்த ஆண்டே, மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது!

மஞ்சள் உரிமை 1997இல் நீங்கியது. வேம்பின் வழக்கோ நீண்டது. வந்தனா சிவா முதலியோர் தொடுத்த எதிர்ப்பின்மேல் 2000 மேத் திங்களில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளப்பட்டது.

இவ்வழக்குகள் கற்பிக்கும் உண்மை வேம்பினும் கசப்பானது. 'எம் முன்னோர் அறிவர்' என்னும் வெறுஞ்சொல் அங்கே செல்லவில்லை. வேம்பைக் காத்தது, அதனை முன்பே செய்து பார்த்தவரின் சான்று. மஞ்சளைக் காத்தவை பழைய நூல்களும் 1953இல் வெளிவந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையுமே.

முன்னோர் அறிவு வெறும் நம்பிக்கையன்று என்பதை இற்றை ஆய்வும் காட்டுகின்றது. ஓமத்தின் மணத்திற்கு ஏதுவான தைமாலும், கிராம்பிலும் துழாயிலும் உள்ள யூசினாலும் நுண்ணுயிரின் மேற்படலத்தில் புகுந்து அதனைக் குலைக்கின்றன; உள்ளிருப்பவை கசிந்தொழுக, நுண்ணுயிர் மடிகின்றது. (துழாயைத் துளசி என்றாலும் அதன் நெய் இவ்வாறே செய்யும், அதற்காகத் துழாய் என்னும் சொல்லை இழக்க வேண்டுவதில்லை.) இந்நறுமண நெய்கள் எளிதில் ஆவியாவன. கலத்தைத் திறந்துவைத்துக் கொதிக்கவிடின் நீராவியோடு போய்விடும். மூடியிட்டுக் காய்ச்சும் வீட்டு வழக்கம் பொருளுடையது என்க.

எனினும், ஆய்வுக்கூடத் தட்டில் நுண்ணுயிர் மடிந்தமையாலேயே மாந்த உடலில் நோய் தீரும் என்றாகாது. எவ்வளவு கொடுப்பது, உடலில் எங்ஙனம் சேர்கின்றது, எவ்வளவில் நஞ்சாகும் என்பனவெல்லாம் அளந்தறிய வேண்டுவன. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் கக்கலும் மயக்கமும் கொண்டு கடுநோயுற்றதை 1981இல் மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர். புகட்டியோர் நலங்கருதியே புகட்டினர். மூலிகையெனில் தீங்கே இல்லையென்று மேடைதோறும் முழங்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

2001இல் நடுவணரசு தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவ நூற்செய்திகளும் இடம்பெற்றுள. காப்புரிமை அலுவலர் படித்தறியுமாறு ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இசுபானியம், சப்பானியம் ஆகிய ஐம்மொழிகளில் அவை தரப்படுகின்றன. காவலுக்கு அது வேண்டுவதே. ஆனால் அவ்வைந்தனுள் தமிழ் இல்லை. மூலிகை நெய்களை ஆய்ந்து கண்ட முடிவுகளும் பெரும்பாலும் ஆங்கில இதழ்களிலேயே உறங்குகின்றன. தமிழில் எழுதிவைத்தவனின் பெயரன் தன் பாட்டன் சொன்னது மெய்யா என அறிய அயன்மொழி கற்றாக வேண்டிய நிலை!

எந்த மூலிகையின் நெய், எந்த நுண்ணுயிரை, எவ்வளவில் அடக்கிற்று, எவ்வளவில் நஞ்சாயிற்று என்பவற்றைச் சித்த மருத்துவக் கல்லூரிகள் ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு வெளியிடுதல் வேண்டும். தோற்ற முடிவுகளையும் மறையாது வெளியிடுதல் வேண்டும். 1964இல் தோன்றிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இதனைத் தொடங்கிவைக்கலாம்.