வெப்பக் கடலிலும் குளிர் உண்டு

வெப்பமண்டலக் கடலில் மூழ்குவோருக்குக் குளிரிலிருந்து பாதுகாப்பு வேண்டுமா என்று வினவினால், வேண்டியதில்லை என்றே பலரும் விடை கூறுவர். மன்னார் வளைகுடாவின் மேற்பரப்பு நீர் டிசம்பர், ஜனவரி மாதங்களில் 25, 26 டிகிரி சென்டிகிரேடு அளவிலும், சித்திரை வெயிலில் 30 டிகிரியை ஒட்டியும் இருக்கிறது. 25 டிகிரி என்பது வீட்டு அறையில் இதமான நிலையன்றோ? ஆயின் அறையில் நம்மைச் சூழ்ந்திருப்பது காற்று. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆடையின்றி அசைவற்றிருக்கும் மனித உடல் நீருள் தன் வெப்பத்தை இழக்காதிருக்க வேண்டுமானால், அந்நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருத்தல் வேண்டும். ஆகவே, நமது கடலில் குளிருமா என்பது கேள்வியன்று. எவ்வளவு நேரத்தில் குளிரும் என்பதே கேள்வி.

மேற்கரையில் நிலைமை இன்னும் கடுமையானது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் கேரளக் கரையோரமாக மேலெழுகிறது. மேலே இதமாக இருக்கும் நீர், சில மீட்டர் இறங்கியதும் சில்லென்று மாறிவிடும். கொளச்சல், விழிஞம் பகுதிகளில் பாறைகளினின்று சிப்பி குளித்தெடுப்போர் இந்த மாற்றத்தை உஷ்ணமானியின்றியே அறிவர்.

குளிர் உடனே உயிரைப் பறிப்பதில்லை; அதனாலேயே அது அலட்சியம் செய்யப்படுகிறது. முதலில் விரல்கள் மரத்துப்போகின்றன. கத்தியும் முடிச்சும் கைக்கு அடங்குவதில்லை. நடுக்கம் தொடங்கியதும் மூச்சுக்காற்றின் செலவு கூடுகிறது. பின்னர், மேலே போவதா, இன்னும் ஒரு முறை தேடுவதா என்று தீர்மானிக்கும் அறிவே மந்தமாகிறது. கடலடியில் இம்மூன்றும் ஒருங்கே நேர்வது எத்தகைய ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரமாக அமைந்த உடையை 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹியூ பிராட்னர் என்னும் பௌதிக விஞ்ஞானி வகுத்தார். 'வெட் சூட்' எனப்படும் அதனை எப்படித் தமிழில் பெயர்ப்பது என்று மொழிபெயர்ப்பாளன் சற்றுத் தயங்கத்தான் வேண்டும். 'நீர்புகா உடை' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது முற்றிலும் தவறு. இவ்வுடைக்குள் நீர் புகும். புகுந்த மெல்லிய நீர்ப்படலம் உடற்சூட்டால் வெதுவெதுப்படைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. குளிரைத் தடுப்பது, நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரில் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகளே. எனவே 'நனையும் உடை' என்பதே பொருத்தம். பெயர் சரியாக இருந்தால் உபயோகமும் சரியாக இருக்கும்: தொளதொளப்பான உடையில் நீர் உட்சென்று வெளியேறிக்கொண்டே இருக்கும், அதை அணிவதும் அணியாதிருப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

வாயுக் குமிழிகளை நம்பியிருப்பதால் இதற்கு ஒரு குறையும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. குமிழிகள் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்குகின்றன. குளிர் மிகுந்த ஆழத்திலேயே உடை மெலிந்துவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

உடை விற்போரின் அட்டவணைகள் பொதுவாக 24 முதல் 27 டிகிரி வரை 3 மில்லிமீட்டர் கனமும், அதற்குக் கீழே 5 மில்லிமீட்டர் கனமும் போதும் என்று கூறுகின்றன. அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் மெல்லிய லைக்ரா உடை போதுமாம். அது வெயிலையும் சொறிமீனின் கொடுக்குகளையும் தடுக்குமேயன்றிக் குளிரைத் தடுப்பதில்லை. இந்த அட்டவணைகள் உல்லாசமாக மூழ்குவோருக்கு வகுக்கப்பட்டவை. அவர் நாளொன்றுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்திற்குள், நீரில் இருந்துவிட்டுக் கரையேறித் தேநீர் அருந்துபவர். நாள் முழுதும் மூழ்கி எழும் மெலிந்த உடலினருக்கு அந்த அளவு பொருந்தாது. உஷ்ணமானியை மட்டும் பார்த்து உடையைத் தேர்ந்தெடுப்பது பிழை. நேரத்தையும், உடலின் கொழுப்பையும், வேலையின் தன்மையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பெங்களூரின் பீன்யாவைக் கடந்து செல்லும் தும்கூர்ச் சாலையில், வார இறுதிதோறும் இளைஞர் பலர் மேற்கரைக்குப் புறப்படுகின்றனர். முருடேசுவரத்தை அடுத்த நேத்ராணித் தீவில் மூழ்குவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அரை மணி நேரத்துக்காக அவர்களுக்கு ரப்பர் உடை அணிவிக்கப்படுகிறது, அது நல்லதே. ஆனால் தூத்துக்குடியில் சங்கு குளிப்போரையும், பாம்பன் பகுதியில் பனியனும் துணியும் சுற்றிக்கொண்டு கடற்பாசி எடுக்கும் பெண்களையும் எண்ணிப் பாருங்கள். கடலே பிழைப்பாக உள்ளவருக்கு அவ்வுடை இல்லை. பழக்கத்தால் அவர்களுக்குக் குளிர் உறைப்பதில்லை என்று சிலர் கூறுவர்.

இக்கூற்றுக்குக் கொரியாவின் கடலில் மூழ்கும் பெண்கள் தக்க விடையளிக்கின்றனர். அவர்கள் 1970-களின் நடுப்பகுதி வரை பருத்தி உடையில், குளிர்காலத்தில் 10 டிகிரி நீரிலும் மூழ்கினர். அவர்களது உடல் குளிருக்கு வியக்கத்தக்கவாறு இசைந்திருந்ததை உடலியல் அறிஞர்கள் அளந்து நிறுவினர். அவ்வாறிருந்தும், உடலின் உட்சூடு 35 டிகிரிக்கு இறங்கியபோது அவர்கள் கரையேறவே வேண்டியிருந்தது. நனையும் உடை வந்தபின் வேலைநேரம் நீண்டது. சில ஆண்டுகளில் அந்த உடல் இசைவு மறைந்தது. பழக்கம் என்பது உடல் செலுத்திய விலை. விலை கொடுக்கத் தேவையில்லாதபோது உடல் அதை நிறுத்திக்கொண்டது.

ஆயினும் எல்லோருக்கும் ஒரே உடையைக் கொடுத்துவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. கனத்த உடை மிதக்கும். மூச்சடக்கி மூழ்குபவர் அதை வெல்லச் சில கிலோகிராம் ஈயம் கட்ட வேண்டும். அவருக்கு மார்பையும் முதுகையும் மூடும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கையில்லாச் சட்டையே ஏற்றது. இயந்திரக் குழாய் வழியே காற்றுப் பெற்று நெடுநேரம் கீழே தங்குபவருக்கு முழு உடை அவசியம். ஆனால் உடை தரும் சுகத்தால் இன்னும் நீண்ட நேரம் தங்குவாரேயானால், இரத்தத்தில் நைட்ரஜன் மிகுந்து வேறு கேடு விளையும். ஆதலால் அவருக்கு உடையுடன் கடிகாரமும் கொடுக்க வேண்டும்.

கள ஊழியர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மேற்பரப்பின் உஷ்ணத்தோடு, வேலை நடக்கும் ஆழத்தின் உஷ்ணத்தையும் அளந்து எழுதுக. நீரில் இறங்கிய நேரம், நடுக்கம் தொடங்கிய நேரம் இரண்டையும் குறித்துக்கொள்க. ஆசிரியர்கள் அறைச்சூட்டிலுள்ள ஒரு வாளி நீரில் மாணவனின் ஒரு கையை இருபது நிமிடம் வைத்து, மறுகையோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

அளவெடுத்துத் தைப்பதற்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பீன்யாவின் ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டவும் தைக்கவும் தேர்ந்த கைகள் உள்ளன. அவர்களுக்கு வேண்டியது, தூத்துக்குடியிலும் பாம்பனிலும் வேலை செய்வோரின் மார்பு, இடுப்பு, தோள் அளவுகள் அடங்கிய ஒரு பட்டியல். ஐரோப்பிய உடலுக்கு வெட்டிய உடை நம்மவர் தோளில் தொங்கும். தொங்கினால் நீர் புகுந்து ஓடும்.