கோப்பு இருக்கு, ஆனா இல்லைங்குதே சார்!

கொஞ்சம் நீளமான பதிவு. பாலிடெக்னிக்கோ பொறியியலோ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் படிக்கக் கொடுங்கள். கல்லூரியில் பாடம் நடத்தும் என் மாணவர்கள் கட்டாயம் கடைசிவரை படிக்கவும். உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது.

விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போகவேண்டிய சின்ன மலைக்கிராமம். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மின்னணுவியல் இறுதி ஆண்டு. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“சார், எனக்கு இந்தப் படிப்பு வராது போல இருக்கு. நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்.”

பத்தாம் வகுப்பில் மின்னோட்டப் பாடத்தில் என்னையே மடக்கிக் கேள்வி கேட்ட பிள்ளை. என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். பையிலிருந்து மடிக்கணினியையும், சீட்டுக்கட்டு அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை போர்டையும் எடுத்து வைத்தாள்.

அவளுடைய புராஜெக்ட் நல்ல புராஜெக்ட். சாமை மூட்டை அடுக்கும் கிடங்கில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மணிக்கொரு முறை அளந்து பதிவு செய்யவேண்டும். மழைக்காலத்தில் தானியம் பூசணம் பிடித்தால் என்ன நஷ்டம் என்று மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்சாரை இணைத்துவிட்டாள். புரோகிராமையும் சி மொழியில் எழுதிவிட்டாள். ஆனால் மூன்று வாரமாக அந்தப் புரோகிராம் போர்டில் ஓடவே இல்லை. கல்லூரியில் கொடுத்த வழிகாட்டியில் நாற்பது படிகள். நாற்பதையும் செய்தும் ஓடவில்லை. அதனால் தனக்கு மூளை இல்லை என்று முடிவுகட்டிவிட்டாள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. உங்கள் வீட்டு வைஃபை பெட்டி, ஸ்மார்ட் டிவி போன்றவற்றில் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். ஒரு கருவிக்குள் பொதிந்து கிடப்பதால் எம்பெடட் லினக்ஸ் என்கிறார்கள். அதற்குப் புரோகிராம் எழுத மடிக்கணினியில் ஐடிஇ என்று ஒன்றை நிறுவுவார்கள். எழுதுவது, கம்பைல் செய்வது, பிழை தேடுவது எல்லாம் ஒரே சன்னலில். இன்று பெரும்பாலும் விஎஸ் கோட், முன்பு எக்லிப்ஸ்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எழுதுவது ஒரு இயந்திரத்தில், ஓடுவது வேறொரு இயந்திரத்தில். மடிக்கணினியின் சிப்புக்குப் புரியும் மொழி வேறு, போர்டில் இருக்கும் ஆர்ம் சிப்புக்குப் புரியும் மொழி வேறு. அதனால் இங்கே உட்கார்ந்து அந்தச் சிப்பின் மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலர் வேண்டும். அதைத்தான் கிராஸ் கம்பைலர் என்கிறார்கள்.

நம் மலைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேறு உதாரணம் தேடவேண்டாம். ஆலங்காயம் போகும் வழியில் காவலூர் வருகிறதே, அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பெங்களூரில் நம் ஆட்களே தேய்த்து மெருகேற்றிய கண்ணாடி. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். இன்றைக்கு அப்படிப்பட்ட தொலைநோக்கியின் அடியில் நின்று யாரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதில்லை. ஆய்வாளர் கட்டுப்பாட்டு அறையில் கணினி முன் உட்கார்ந்திருப்பார், வேலை செய்வது கூடாரத்துக்குள் இருக்கும் கருவி. மடிக்கணினியும் போர்டும் அப்படித்தான்.

இந்த ஒரு விஷயத்தை அந்த நாற்பது படிகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ‘இதை அழுத்து, அதை நிறுவு’ என்று மட்டும் இருந்தது.

நான் இயற்பியல் ஆசிரியன். லினக்ஸ் எல்லாம் ஓய்வுக்குப் பிறகு கற்றது, பாதிதான் தெரியும். சென்னையில் வேலை பார்க்கும் இன்னொரு பழைய மாணவனைப் போனில் பிடித்தேன். மொட்டைமாடியில் ஒரு மூலையில் நின்றால்தான் சிக்னல். ஐடிஇயை மூடச் சொன்னான். “டெர்மினல்ல ஒவ்வொண்ணா கையால செய்யுங்க சார். எங்க உடையுதுன்னு தெரியும்.”

முதலில், கம்பைல் ஆன புரோகிராமை மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்த்தோம். ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்றது. ஐடிஇயில் ரன் பட்டனை அழுத்தும்போதெல்லாம் அவளுக்கு வந்தது இதுதான். பட்டன் அதை மடிக்கணினியிலேயே ஓட்டப் பார்த்திருக்கிறது. ஆர்ம் மொழியில் இருப்பதை இன்டெல் சிப் எப்படிப் படிக்கும்? இது தவறே அல்ல, கிராஸ் கம்பைலர் சரியாக வேலை செய்ததற்கு அத்தாட்சி!

அடுத்து போர்டுக்குக் காப்பி செய்து ஓட்டினோம். ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. அதாவது அப்படி ஒரு கோப்பே இல்லையாம். அவள் பட்டியலைப் போட்டுக் காட்டினாள். கோப்பு அங்கேயே இருக்கிறது. “கோப்பு இருக்கு, ஆனா இல்லைங்குதே சார்! நான் என்ன பண்றது?” என்றபோது அவள் குரல் உடைந்துவிட்டது. மூன்று வாரம் இந்த ஒரு வரியோடு தனியாக மல்லுக்கட்டியிருக்கிறாள்.

காரணம் இதுதான். வழிகாட்டியில் நிறுவச் சொன்னது 32 பிட் கம்பைலர். கல்லூரியில் கொடுத்த மெமரி கார்டில் இருந்தது 64 பிட் லினக்ஸ். புரோகிராமை நினைவகத்தில் ஏற்றிவிடும் 32 பிட் லோடர் என்ற சின்னக் கோப்பு அந்தக் கார்டில் இல்லை. ‘இல்லை’ என்று சொன்னது அந்த லோடரைத்தான். செய்தியைப் படிப்பவருக்கோ தன் புரோகிராமையே இல்லை என்பதுபோலத் தெரிகிறது. பல வருடம் அனுபவம் உள்ளவர்களே இதில் ஏமாறுவார்கள் என்றான் சென்னைக்காரன். ‘ஃபைல்’ என்று ஒரு கட்டளை உண்டு. புரோகிராமின் பெயரைக் கொடுத்தால் 32 பிட்டா 64 பிட்டா, எந்தச் சிப்புக்கு, எந்த லோடர் வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். நாற்பது படிகளில் இந்தக் கட்டளை இல்லை.

64 பிட் கம்பைலரைப் போட்டோம். இப்போது ‘ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்’. ஜிலிப்சி என்பது சி புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி. மடிக்கணினியில் உபுண்டு 22.04, அதன் கம்பைலர் பயன்படுத்தும் ஜிலிப்சி 2.35. கார்டில் டெபியன் 11 வழி வந்த பழைய ராஸ்பெர்ரி பை ஓஎஸ், அதில் 2.31. பழைய லைப்ரரிக்காகக் கட்டிய புரோகிராம் புதிய லைப்ரரியில் ஓடும், புதியதற்காகக் கட்டியது பழையதில் ஓடாது. டெபியன் 12 வழி வந்த ஓஎஸ்ஸில் 2.36 இருக்கிறது. மறுநாள் பஸ் ஏறி வாணியம்பாடி போய், மகன் வீட்டில் அதைத் தரவிறக்கிக் கார்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் புரோகிராம் ஓடியது. திரையில் வெப்பநிலை ஒரு வரி, ஈரப்பதம் ஒரு வரி. அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகுதான் ஐடிஇயைத் திறந்தோம். போர்டில் ஜிடிபி சர்வர், மடிக்கணினியில் ஜிடிபி, நடுவில் ஒரு லேன் கேபிள். விஎஸ் கோடில் ஒரு வரியில் சிவப்புப் புள்ளி வைத்தால், போர்டில் ஓடும் புரோகிராம் அந்த வரியில் வந்து நிற்கிறது. இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. போர்டில் உள்ள லைப்ரரிகளின் நகலை மடிக்கணினியில் ஒரு கோப்புறையில் வைத்துக் கம்பைலருக்குக் காட்டவேண்டும். அதன் பெயர் சிஸ்ரூட். இப்போது அவளுக்கு எந்தப் பட்டன் என்ன செய்கிறது என்று தெரியும். நாற்பது படிகள் நான்காகிவிட்டன: கம்பைல் செய், காப்பி செய், ஓட்டு, பிழை தேடு.

என் கருத்து இதுதான். ஐடிஇ நிறுவுவதை ‘பாடத்துக்கு முந்தைய சில்லறை வேலை’ என்று நினைக்கிறோம். அதுவே முதல் பாடம். அதைப் பட்டன் பட்டியலாகச் சுருக்கினால், பட்டியல் பிசகும் இடத்தில் மாணவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். நகரத்துப் பிள்ளைக்கு விடுதியில் பக்கத்து அறையில் ஒரு சீனியர் இருப்பார், வீட்டில் இணையம் இருக்கும். மலைப்பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. ஒரே வழிகாட்டிதான், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே சுமை இல்லை.

“போர்டிலேயே எழுதி அங்கேயே கம்பைல் செய்யலாமே சார்” என்று சிலர் சொல்வீர்கள். நியாயம்தான். சின்னப் புரோகிராமுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் தொழிற்சாலைக் கருவிகள் பலவற்றில் கம்பைலர் வைக்க இடமே இருக்காது. வேலைக்குப் போனால் கிராஸ் கம்பைலர் இல்லாமல் நடக்காது. ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி பிராசசரில் 2018-லேயே லினக்ஸ் ஓடியது. அது ஆர்ம் அல்ல, ரிஸ்க்-வி. நான்கு படிகளைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அது வேறொரு கம்பைலர், வேறொரு சிஸ்ரூட். பட்டன் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு மறுபடியும் நாற்பது படி.

“எல்லாவற்றையும் பிரவுசரில், கிளவுடில் செய்யலாமே” என்பவர்கள் ஒருநாள் எங்கள் ஊருக்கு வாருங்கள். மொட்டைமாடி மூலையைக் காட்டுகிறேன்.

இதில் என் பங்குக் குற்றத்தையும் சொல்லவேண்டும். 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சீடாக் உருவாக்கியது. ஆசிரியர்கள் நாங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அது எதுக்கு சார்?” என்று கேட்ட மாணவனிடம் “அதைத் தொடாதே” என்றவன் நான். அன்று தொட விட்டிருந்தால் இன்று மலையில் பத்துப் பேராவது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருப்பார்கள்.

கல்லூரி ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்குக் கோரிக்கை:

1. ஒரு பென் டிரைவ் தயார் செய்யுங்கள். கம்பைலர், கார்டுக்கான ஓஎஸ், அதற்குப் பொருந்தும் சிஸ்ரூட், விஎஸ் கோட், அதன் சி எக்ஸ்டென்ஷன் கோப்பு எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற பதிப்புகளாக இருக்கட்டும்.

2. கொடுப்பதற்கு முன் வைஃபையை அணைத்துவிட்டு, புதிய கணினியில் நீங்களே ஒருமுறை நிறுவிப் பாருங்கள். ரிமோட் எஸ்எஸ்எச் போன்ற வசதிகள் முதல்முறை இணைக்கும்போது இணையத்தில் எதையோ இறக்கப் பார்க்கும். அது உங்கள் ஆய்வகத்தில் தெரியாது, இங்கே தெரியும்.

3. மேலே சொன்ன மூன்று பிழைச்செய்திகளையும், ஒவ்வொன்றும் உண்மையில் என்ன சொல்கிறது என்பதையும் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள்.

எல்லாம் கொடுத்துவிட்டால் பிள்ளை எப்படிக் கற்கும் என்று கேட்காதீர்கள். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டும் பிப்பெட்டும் நாம்தான் கொடுக்கிறோம். அளவு எடுப்பது மாணவர். பியூரெட்டையும் நீயே ஊதிச் செய்துகொள் என்று யாரும் சொல்வதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கணினி ‘இல்லை’ என்று சொன்னால், எதை இல்லை என்கிறது என்று கேளுங்கள். உங்களை இல்லை என்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவள் செமஸ்டர் கட்டணம் கட்டிவிட்டாள். போர்டு இப்போது கிடங்கில் இருக்கிறது. அந்த ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பின் முதல் பிரதியை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள். வேண்டுவோர் சொல்லுங்கள், முடிந்ததும் அனுப்பி வைக்கிறேன்.