சத்தம் இருக்கு, பேச்சு எங்கே?

ஓடிடியில் படம் பார்க்கும் வீடுகளில் யாராவது ஒருவர் கையில் ரிமோட் நிரந்தரமாக இருக்கும். நாயகனும் நாயகியும் பேசினால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். அடுத்த நொடி ஜீப் வெடித்தால் குறைக்க வேண்டும். நடுவில் அப்பத்தா, “என்னப்பா சொல்றான் அவன்?” என்று கேட்பார். ஒருவர் விளக்கம் சொல்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும். நாலு நாள் இப்படிக் கேட்டுப் பார்த்துவிட்டு, “எனக்குத் தூக்கம் வருது, நீங்க பாருங்க” என்று எழுந்துவிடுவார். உண்மையில் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

குறை எங்கே என்று முதலில் பார்த்துவிடலாம். டிவி மெலிய மெலிய, அதன் ஸ்பீக்கரும் மெலிந்துவிட்டது. முன்பக்கம் இடமில்லாமல் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி பேசுகிறது. படத்தின் ஒலியோ தியேட்டருக்காகச் செய்தது. 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்தது. 2012-ல் ‘சிவாஜி’ 3டி-யாகத் திரும்பி வந்தபோது டால்பி அட்மாஸில் வந்தது. இந்த வகைக் கலவையில் வசனத்தின் பெரும்பகுதி, திரைக்கு நடுவே இருக்கும் சென்டர் ஸ்பீக்கருக்கென்று தனியாக ஒதுக்கப்படுகிறது. இசையும் சண்டையும் மற்ற ஸ்பீக்கர்களில் பரவுகின்றன. இத்தனையையும் டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் அமுக்கினால் முதலில் நசுங்குவது பேச்சுதான்.

ஆகவே ஹோம் தியேட்டர் வாங்கும் எண்ணம் தப்பில்லை. எதற்காக வாங்குகிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் குழப்பம்.

புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பழைய நாட்டு ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டிய கான்கிரீட் வீடு. தரையெல்லாம் டைல்ஸ். ஹாலிலிருந்து சமையலறைக்குக் கதவு கிடையாது. பின்சுவரை ஒட்டி சோபா, பக்கத்தில் அப்பத்தாவின் நாற்காலி. சிங்கப்பூரில் இருக்கும் பேரன் ஐம்பதாயிரம் அனுப்பியிருக்கிறான். அந்தப் பணத்தோடு புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறினால், கடையில் முதலில் காதில் விழும் சொல் ‘வாட்ஸ்’.

அட்டைப்பெட்டியில் 5000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று போட்டிருக்கும். பெட்டியைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரில் கரன்ட் எவ்வளவு இழுக்கும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பிளக் வழியாக 100 வாட் மட்டுமே வாங்கும் ஒரு பெட்டி, ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து 5000 வாட் எங்கிருந்து கொடுக்கும்? பிஎம்பிஓ என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்குக்கூட நிலைக்காத ஒரு கணக்கு. கேட்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட். அதையும், ‘எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எத்தனை சேனல் ஓடும்போது’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில் 70 வாட் என்று ஒரு ரிசீவர் சொன்னால் அது நேர்மையான பேச்சு. நடுத்தர ஹாலுக்கு அது தாராளம்.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவேண்டுமானால் ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டுக்கும் 70 வாட்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்துக்காகப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பவர்கள், அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போட்டிருக்கலாம். 1 வாட்டில் 1 மீட்டர் தள்ளி 90 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுப்பதும், 87 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுப்பதும் ஒன்றுதான்.

இங்கே உள்ளூர் அசெம்பிள் செட்டை மறந்துவிடக் கூடாது. 4440 ஐசி போர்டு கேட்காமல் வளர்ந்த தமிழ்நாட்டுத் தெரு எது? டீக்கடை, சலூன், மினி பஸ் என்று எல்லா இடத்திலும் பாடியது அதுதான். இன்று அதே கைகள் டிகோடர் போர்டு, ப்ளூடூத், ரிமோட் எல்லாம் சேர்த்து 5.1 ஆம்ப் செய்து தருகின்றன. விலை குறைவு. பழுதானால் செய்தவரே சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து சரிசெய்துவிடுவார். பெரிய கம்பெனி ரிசீவர் பழுதானால் எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஆனால் அசெம்பிள் செட் பலவற்றில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரத்தைத் தனித்தனியாகக் கொடுக்கும் வசதியோ, மைக் வைத்து அறையை அளக்கும் வசதியோ இருப்பதில்லை. பாட்டுக்குப் போதும். பேச்சுக்காக வாங்குகிறோம் என்றால் ரிசீவர் பக்கம்தான் தராசு சாய்கிறது.

ஐம்பதாயிரத்தில் ஆறு பெட்டியும் வாங்கியே தீர வேண்டும் என்று யார் சொன்னது? ஒரே அட்டைப்பெட்டியில் எல்லாம் வரும் செட்டில், ஒரு ஸ்பீக்கர் போனாலும் வேறு கம்பெனி ஸ்பீக்கரை மாட்ட முடியாதபடி தனி பின் வைத்திருப்பார்கள். ரிசீவர் தனியாக, ஸ்பீக்கர் தனியாக வாங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. முதலில் ரிசீவரும் முன்பக்கத்துக்கு மூன்று ஸ்பீக்கரும் போதும்: இடது, வலது, சென்டர். மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நடந்துகொண்டே பேசும் நடிகரின் குரல் நடுவழியில் மாறும். சப்வூஃபர் தீபாவளிக்கு வரலாம், பின்பக்க ஸ்பீக்கர் அடுத்த பொங்கலுக்கு வரலாம். இடவசதியே இல்லாத வீட்டுக்கு, சென்டர் சேனல் தனியாக உள்ள சவுண்ட்பார் நல்ல தேர்வு. பெயரில் சவுண்ட்பார் என்றிருந்தும் உள்ளே இரண்டு சேனல் மட்டுமே உள்ளவையும் உண்டு, கவனம்.

கடையிலிருந்து வந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு சின்ன சோதனை. ஹாலின் நடுவில் நின்று கையை ஒரு தட்டு தட்டுங்கள். ‘டப்’ என்று நின்றால் நல்லது. ‘டப்ர்ர்ங்’ என்று இழுத்தால், எத்தனை லட்சம் போட்டு ஸ்பீக்கர் வாங்கினாலும் வசனம் கொழகொழவென்றுதான் கேட்கும். டைல்ஸும் சிமென்ட் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. முதல் அசையின் எதிரொலி, இரண்டாம் அசையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இலுப்பூர்க்காரர்களுக்கு இதற்கு உதாரணம் வெளியே தேட வேண்டாம். பக்கத்தில்தான் குடுமியான்மலை. 7-ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டுக்காக உலகமே பேசும் ஊர். கல் மண்டபத்தில் நாகஸ்வரம் வாசித்தால் சுருதி விரிந்து நிற்கும். அதே மண்டபத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் பத்தடி தள்ளி நிற்பவருக்குப் பாதி வார்த்தை புரியாது. நீளும் ஸ்வரத்துக்குக் கல் நண்பன், பேச்சுக்கு அப்படியில்லை.

இந்த வித்தியாசத்தை அளந்து சொன்னவர் வாலஸ் சபைன். 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்துக்குப் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. காலி மண்டபத்தில் ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதைச் சரிசெய்யச் சொல்லி இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் கொடுத்தார்கள். அவர் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும்! அரங்க ஒலியியல் என்ற படிப்பே இந்த மெத்தை சுமக்கும் வேலையில்தான் தொடங்கியது.

நம் ஹாலுக்கும் அதே வைத்தியம்தான். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே தரையில் கனமான ஜமுக்காளம். ஜன்னலுக்கு இரட்டை மடிப்பு வைத்த தடித்த திரை. சோபாவுக்குப் பின்சுவரில் புத்தக அலமாரி, இல்லாவிட்டால் துணி போர்த்திய இலவம்பஞ்சு மெத்தை. மெல்லிய திரையும் கோரைப்பாயும் அதிகம் உதவாது. பஞ்சும் தடிமனும்தான் ஒலியைக் குடிக்கும். முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டும் யோசனையை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். சுவர் அழுக்காவதைத் தவிர பெரிய பலன் இருக்காது.

இனி ஸ்பீக்கர் வைக்கும் இடம். நம்மூரில் ஐந்து ஸ்பீக்கரையும் கூரைக்கு ஓரடி கீழே ஆணியடித்துத் தொங்கவிடுவது வழக்கமாகிவிட்டது, திருவிழாவுக்குக் குழாய் கட்டுவதுபோல. வசனம் நடிகரின் வாயிலிருந்து வராமல் மின்விசிறியிலிருந்து வரும். முன்பக்க மூன்றும் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். சென்டரை டிவிக்குக் கீழே ஷோகேஸ் குகைக்குள் தள்ளாமல், பலகையின் முன் விளிம்புவரை இழுத்து, அடியில் ரப்பர் துண்டு வைத்துக் காதைப் பார்த்து லேசாக நிமிர்த்துங்கள். இடதுக்கும் வலதுக்கும் உள்ள இடைவெளி, அவற்றிலிருந்து சோபாவுக்குள்ள தூரம் அளவே இருந்தால் சரியான கோணம் தானாக வந்துவிடும். பின்பக்க ஸ்பீக்கர் வரும்போது, அவை உட்காருபவரின் தோளுக்குச் சற்றே பின்னால் பக்கவாட்டில் இருந்தால் போதும்.

சப்வூஃபருக்கு ஒரு வேடிக்கையான வழி. அதைத் தூக்கி சோபாவின் மேலேயே வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எங்கே குழப்பமில்லாமல் கேட்கிறதோ அங்கேதான் அதன் இடம். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பொதுச்சுவர் உள்ள வீடாக இருந்தால், அந்தச் சுவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தாழ்ந்த ஒலி செங்கல்லைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தொட்டில்வரை போகும்.

ஒயர் விஷயத்தில் ஒரே கண்டிப்பு: ரிசீவரின் சிவப்பு ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரே ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டாலும் பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சந்தேகம் வந்தால் ரிசீவரிலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் நுனியில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் கூட்டல் முனை சிவப்பில் படும்போது பெரிய கோன் வெளியே தள்ளினால் சரி.

டிவியிலிருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ கேபிளை ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையில் மாட்ட வேண்டும். ஓடிடிக்கு அது போதும். ப்ளூரே போன்றவற்றின் சுருக்காத ஒலியும் டிவி வழியாகவே வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் இஏஆர்சி வேண்டும். இங்கே பலர் கோட்டைவிடுவது டிவியின் செட்டிங்கில். ஒலி வெளியீடு ‘பிசிஎம்’ என்று இருந்தால் ஏஆர்சி வழியாக இரண்டு சேனல்தான் போகும். அதை ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ் த்ரூ’ என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் சென்டர் ஸ்பீக்கர் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு.

ரிசீவருக்கு எர்த் உள்ள மூன்று முனை பிளக் பாயின்ட் கொடுங்கள். ‘ம்ம்ம்’ என்று ஓயாத ஹம் வந்தால், செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அந்தக் கேபிள் வழி வரும் எர்த்; அதற்காக பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடக் கூடாது, அது உயிர் காக்கும் முனை. புதுக்கோட்டை வெயிலில் மூடிய ஷோகேஸுக்குள் ரிசீவர் வெந்துவிடும், மேலே ஒரு சாணாவது காலியிடம் வேண்டும். கதகதப்பைத் தேடி பல்லி உள்ளே போகும், கண் வையுங்கள். கோடை மழை இடித்தால் பிளக்கையும் கேபிளையும் கழற்றுவதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை.

கடைசியாக அளவெடுப்பு. ரிசீவரோடு வரும் சின்ன மைக்கைக் கையில் பிடிக்காமல், கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேனை அணைத்து, குக்கர் விசில் அடங்கிய பிறகு ஓடவிடுங்கள். டெனானில் இதற்கு ஆடிஸி என்று பெயர், யமஹாவில் ஒய்பிஏஓ. அது எல்லா ஸ்பீக்கரையும் ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால், சப்வூஃபர் உள்ள வீட்டில் ‘ஸ்மால்’ என்று மாற்றி 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். முதல் அளவை அப்பத்தாவின் நாற்காலியில் எடுங்கள். மற்றவர்கள் காது எங்கிருந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

பிறகு ஃபேனை மூன்றில் போட்டு ஒரு செய்தி அறிக்கையை ஓடவிடுங்கள். ஃபேன் இல்லாமல் நம்மூரில் யார் படம் பார்க்கிறார்கள்? காற்றின் இரைச்சலில் ச, த, ப போன்ற மெய்யொலிகள்தான் முதலில் மூழ்கும். சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டினால் அவை மேலே வரும். ராத்திரியில் ‘நைட் மோட்’ போன்ற வசதியைப் போட்டால் வெடிச்சத்தம் தானாக அடங்கும்.

இத்தனைக்குப் பிறகும் அவர், “கேக்குது, ஆனா என்ன சொல்றான்னு புரியல” என்றால், அதற்கு மேல் ரிசீவரைக் குடைவதில் பயனில்லை. வயதில் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளை. மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தக் குறை வீட்டாருக்குத் தெரியாமலே வளரும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய் ஓர் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். காது மெஷின் வைக்கச் சொன்னால், அது பழகிய ஒரு மாதம் கழித்து, சென்டருக்குக் கூட்டிய 3 டெசிபலைக் குறைத்துவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.